வரப்பைத் தாண்டிய குளிர்காலம்

கருக்கம்பட்டியில் ஆப்பிள் தோட்டம் போடப் போகிறேன் என்று நான் சொன்னதும் ஊர் சிரித்தது. முதலில் சிரித்தவர் என் வீட்டுக்காரர் ஒச்சப்பன். உசிலம்பட்டிக்குத் தெற்கே வெயில் மண்டையைப் பிளக்கிற பூமி எங்களுடையது. ஆப்பிளோ பனி கேட்கிற மரம். மலைநாட்டிலேயே பனி குறைந்துபோய், தலைமுறையாக ஆப்பிள் வைத்தவர்கள் மரத்தை வெட்டிவிட்டு மாதுளைக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. அந்த நேரம் பார்த்து அன்னக்கொடிக்கு ஆப்பிள் கேட்கிறது என்று என்னைப் பற்றி டீக்கடையில் பேசினார்களாம். பேசட்டுமே. நான் ஒன்றைப் பிடித்தால் விடுகிற ஆள் இல்லை.

பங்குனி கடைசியில் நானூறு கன்றுகள் வந்து இறங்கின. இருபது வரிசை, வரிசைக்கு இருபது கன்று. ஒவ்வொன்றும் விரல் தடிமன், இடுப்பு உயரம், உச்சியில் கொஞ்சம் இலை. நட்டு முடித்த மறுநாளே சொட்டுநீர்க் குழாய்கள் வந்துவிட்டன. வேன் வாசலில் நின்றபோது எனக்குக் காலைச் சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

ஒச்சப்பன் மோட்டார் கட்டுகிறவர். பம்பு, குழாய் என்றால் அவர் கை சும்மா இருக்காது. சிரித்த மனிதரே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கிணற்றடியிலிருந்து தாய்க்குழாய்க்குப் பள்ளம் வெட்ட ஆரம்பித்தார். வடிகட்டியைப் பொருத்தினார், வால்வை மாட்டினார், நடுநடுவே என்னைக் கேலியும் செய்தார். வரிசைக்கு ஒன்றாகக் கறுப்பு டியூப்பை இழுத்துப் போட்டு, துளை போட்டு, தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடும் சொட்டுவானைச் செருகுவது என் வேலை. தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. ஒட்டி வைத்தால் தண்டு அழுகிவிடும். டியூப்பை முறுக்காக இழுக்கவும் கூடாது, வெயிலுக்கு நீளும், ராத்திரிக்குச் சுருங்கும். எண்ணூறு துளை. மூன்றாம் நாள் என் கட்டைவிரல் வீங்கிப்போய், சோற்றைப் பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிட்டேன். அதற்கும் கேலி.

நான்காம் நாள் கம்பெனியிலிருந்து மெஹருன் வந்தாள். மதுரைப் பெண், முப்பது வயது இருக்கும். அவளோடு இரண்டு டிரம்களும் வந்தன, ஒன்று நீலம், ஒன்று சிவப்பு. என் தோட்டத்தின் ரகசியமே அந்த இரண்டு டிரம்தான்.

"அக்கா, ஆப்பிளுக்குப் பனி வேணும்னு எல்லாரும் சொல்றாங்க. பனி வேணாம். பனி வந்துச்சுங்கற சேதி போதும்," என்றாள்.

ஒச்சப்பன் ஸ்பேனரைக் கீழே வைத்தார். சேதியை யார் சொல்வது என்று கேட்டார்.

"குளிர் பட்டா மரத்துக்குள்ள ஒரு சத்து ஊறுது அண்ணே. அதை வெச்சுத்தான் மரம் குளிர்காலத்தை எண்ணுது. அதே சத்தை நாங்க டிரம்முல ஊற வெச்சுக் கொண்டாந்துருக்கோம். நீலத் தண்ணிய வேர் குடிச்சா, மார்கழி வந்துருச்சுன்னு இலைய உதுத்துட்டு மரம் தூங்கும். சிவப்புத் தண்ணி குடுத்தா எந்திரிச்சுப் பூக்கும்."

"அப்ப மரத்தை ஏமாத்துறீக."

"ஆமாண்ணே. கொஞ்சம்."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. மார்கழியை டிரம்மில் அடைத்துக் கொண்டுவந்து என் கிணற்றடியில் இறக்கியிருக்கிறார்கள். இதைப் பார்த்துத்தானா இந்த ஊர் சிரித்தது?

மெஹருன் விவரமாகச் சொன்னாள். நீலத் தண்ணீர் காலையில் ஒரு மணி நேரம், பதினைந்து நாள். முதல் நாள் மருந்துதான் கெட்டி, போகப் போகக் குறையும். பிறகு இருபது நாள் கன்றுகள் தூங்க வேண்டும். அதற்குப் பிறகு ஒரே வாரத்துக்குள் சிவப்பு டிரம்மைத் திறந்துவிட வேண்டும், இல்லையென்றால் இலையில்லாத குச்சிகள் வெயிலில் கருகிச் செத்துவிடும். ஒரு தோட்டத்துக்கு ஒரு சிவப்பு டிரம்தான். அடுத்தது ஊறி வர ஆறு மாதம். கிளம்பும்போது வண்டியை நிறுத்தி, மறந்ததைச் சொல்வதுபோல் இதையும் சொன்னாள்: "தண்ணி உங்க வரப்பைத் தாண்டக் கூடாதுக்கா. ஒரு சொட்டுக்கூட."

நான் தலையாட்டினேன். கம்பெனிக்காரர்கள் நூறு சொல்வார்கள். விதையைப் பக்கத்துக்காரருக்குக் கொடுக்காதே, மருந்தை மாற்றி வாங்காதே என்று. இதுவும் அந்தக் கணக்கில் ஒன்று என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்டேன் என்பதைவிட, அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது.

ஏன் வசதி என்றால், எங்கள் பக்கம் ஒரு வழக்கம். புதுக் கிணறு, புது மோட்டார், புதுக் குழாய் எது வந்தாலும் முதல் தண்ணீர் பக்கத்துத் தோட்டத்துக்குப் போக வேண்டும். ஒரு அரை மணி நேரம் அங்கே பாய்ந்த பிறகுதான் நம் செடிக்கு. தண்ணீரால் வருகிற பகைக்கு அதுதான் முறிவு என்று எல்லோரும் நம்புகிறோம். முதல் தண்ணீர் விடாதவன் வீட்டில் ஒரு நல்லது கெட்டதுக்கு ஆள் வர யோசிக்கும்.

என் பக்கத்துத் தோட்டம் சிவனம்மா மதினியுடையது. அரை ஏக்கர் மல்லி. அந்த வருட வெயிலில் சுற்றுவட்டாரத்து மல்லியெல்லாம் காய்ந்துபோக, மதினி மட்டும் குடமும் கையுமாகக் கிடந்து தன் செடிகளைக் காப்பாற்றி வைத்திருந்தார். விடிந்ததும் ஏழு பெண்கள் அங்கே பூ எடுக்க வருவார்கள். அந்த ஏழு வீட்டுக்கும் அந்த அரை ஏக்கர்தான் வேலை.

குழாய்களைக் கழுவிவிட்ட நாளில் சாதாரணக் கிணற்றுத் தண்ணீர்தான் ஓடியது. அன்றைக்கே மதினி பக்கம் திருப்பியிருக்கலாம். ஒச்சப்பனும் சொன்னார். ஆனால் பிளாஸ்டிக் தூளும் சேறுமாக வந்த தண்ணீரைப் போய் மதினிக்கு முதல் தண்ணீர் என்று விடுவதா? என் மானம் என்ன ஆவது? நல்ல தண்ணீர் வரட்டும் என்று வீம்பாக இருந்துவிட்டேன்.

சித்திரை மூன்றாம் தேதி காலை நீல டிரம்மைத் திறந்தோம். மோட்டார் ஓடியது, தண்ணீர் கண்ணாடி மாதிரி வந்தது. இருபது டியூப்பின் முனைகளும் மதினியின் வரப்பில்தான் முடிந்தன. நான் ஒவ்வொன்றாகப் போய் மூடியைக் கழற்றி, முனைகளை அந்தப் பக்கம் போட்டேன். மெஹருன் சொன்னது நினைவில் இருந்தது. ஒச்சப்பன் கிணற்றடியிலிருந்து என்னவோ கத்தினார், அதுவும் கேட்டது. அரை மணி நேரம் இருபது முனைகளிலிருந்தும் மல்லிக்குப் பாய்ந்தது. மதினி தேங்காய் உடைத்தார், இரண்டு முழம் பூவை என் தலையில் வைத்தார், பூ எடுக்கிற பெண்கள் குலவையிட்டார்கள். என் வாழ்க்கையில் அப்படி ஒரு காலை வந்ததில்லை என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகுதான் வேடிக்கை. ஏழாம் நாள் கன்றுகளின் இலை மஞ்சளானது. பத்தாம் நாள் உதிர ஆரம்பித்தது. அக்கினி நட்சத்திரத்துக்கு முந்தின வெயிலில், என் நானூறு கன்றுகளும் மார்கழி என்று நம்பித் தூங்கப் போயின. சிரித்த ஊர் வரிசை கட்டி வந்து பார்த்தது. ஆளுக்கொரு கேள்வி. நான் சலிக்காமல் பதில் சொன்னேன், தெரியாததற்கும் சேர்த்தே சொன்னேன். ஒச்சப்பன் ஒவ்வொரு சாயங்காலமும் வரிசை வரிசையாக நடந்து கன்றுகளைத் தடவிப் பார்ப்பார். கேலி நின்றுபோயிருந்தது. அவரை ஆப்பிள் பிடித்துக்கொண்டது.

பதினான்காம் நாள் காலை மதினி தோட்டத்துப் பக்கம் பேச்சுச் சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தேன். ஏழு பெண்களும் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். செடியில் மொட்டு இல்லை. கீழே மஞ்சள் இலை. மதினி வேப்பெண்ணெய் அடித்துக்கொண்டிருந்தார், பூச்சி என்று நினைத்து.

எனக்குப் பார்த்த நொடியே தெரிந்துவிட்டது. ஆனால் வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டேன். ஒரு நாள் முழுக்க, கேட்டவர்களிடம் தலைவலி என்றேன். ஆப்பிள் ஆப்பிள் என்று ஊரெல்லாம் கத்திய வாய்தான் அது.

மறுநாள் மதினியே வந்தார். கையில் குடம். "அன்னம், அன்னைக்கு ஒரு தண்ணி விட்டியே, அதை இன்னொருக்கா விடேன்த்தா. செடி என்னமோ வாடுது. உன் தண்ணிய குடிச்சா தெளிஞ்சுரும்னு எனக்குத் தோணுது."

என்னால் அதற்குமேல் முடியவில்லை. "அந்தத் தண்ணிதான் மதினி உங்க செடியத் தூங்க வெச்சிருச்சு," என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன், நீல டிரம், மார்கழி, மெஹருன் சொன்னது. மதினி குடத்தைக் கீழே வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"வரப்பு தாண்டக் கூடாதுன்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா? அதை மட்டும் சொல்லு."

"தெரியும் மதினி."

"சரிங்கம்மா," என்றார். இருபது வருடமாக என்னை வா போ என்று பேசிய மனுஷி. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த 'சரிங்கம்மா'வை என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

மெஹருனுக்குப் போன் போட்டேன். அவள் சத்தம் போடவில்லை. மல்லிக்கு அளவுக்கு மேல் மருந்து ஏறியிருக்கிறது, இந்த வெயிலில் இலையில்லாமல் ஒரு மாதம் தாங்காது என்றாள். எழுப்ப வழி இருக்கிறதா என்று கேட்டேன். சிவப்புத் தண்ணீர் எந்தச் செடியையும் எழுப்பும், ஆனால் அரை ஏக்கர் மல்லிக்கு முழு டிரம்மும் வேண்டும் என்றாள். பாதி பாதியாகப் பிரித்தால்?

"அரைகுறையா எழுப்பினா ரெண்டுமே போயிரும்க்கா. ஒண்ணுதான்."

அன்று எங்கள் வீட்டில் சண்டை. அதுவும் தலைகீழ்ச் சண்டை. ஆப்பிளைப் பார்த்துச் சிரித்த ஒச்சப்பன் ஆப்பிளுக்காகப் பேசினார். மல்லி பழைய செடி, வேறு பதியன் வைத்துக் கொடுக்கலாம், நாமே நட்டுத் தரலாம், கன்றுகளைக் கைவிட்டால் உன் விரல் வீங்கினதுக்கு என்ன அர்த்தம் என்றார். பதியன் பூக்க ஒரு வருடத்துக்கு மேலாகும், அதுவரை ஏழு பெண்கள் என்ன செய்வார்கள் என்றேன். எனக்கும் ஆசை விடவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். கிணற்றடியில் போய்ச் சிவப்பு டிரம்மைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதேன். அழுது முடித்து முகத்தைக் கழுவியபோது முடிவு ஆகியிருந்தது. தெரிந்து செய்தவள் நான். மல்லி எதையும் தெரிந்து குடிக்கவில்லை.

மறுநாள் காலை மதினி வாசலில் போய் நின்று விஷயத்தைச் சொன்னேன். அவர் தோட்டத்துப் படலைத் திறந்துவிட்டார். நானும் ஒச்சப்பனும் இருபது டியூப்பையும் பிடுங்கி வரப்புக்கு அந்தப் பக்கம் இழுத்தோம். மல்லிக்கு இடைவெளி வேறு, ஆகவே பழைய துளைகளை அடைத்துப் புதுத் துளை போட வேண்டும். பூ எடுக்கிற பெண்கள் ஏழு பேர் இருந்த இடத்தில் ஐந்து பேர்தான் வந்தார்கள். இரண்டு பேர் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும் என்று முந்தின நாளே திருப்பூர் பஸ் ஏறியிருந்தார்கள். அந்த இரண்டு பேர் பிறகு திரும்பி வரவே இல்லை. என் கணக்கில் அது எப்போதும் நிற்கும்.

ஐந்து பேரும் துளை போடக் கற்றுக்கொண்ட வேகம் இருக்கிறதே! காம்பு நசுங்காமல் மொட்டுக் கிள்ளிய விரல்கள் அவை. நான் மூன்று நாள் செய்த வேலையை மத்தியானத்துக்குள் முடித்தார்கள். எனக்கு வெட்கமும் வந்தது, கூடவே பழைய உற்சாகமும் தொற்றிக்கொண்டது. வால்வைத் திறந்ததும் எல்லோருமாக வரிசை வரிசையாக ஓடி, சொட்டாத சொட்டுவானை விரலால் தட்டித் தட்டிச் சரிசெய்தோம். சிவப்பு டிரம் சாயங்காலத்துக்குள் காலியானது.

ஆறாம் நாள் மல்லியில் துளிர். பதினொன்றாம் நாள் மொட்டு. அப்படி ஒரு மொட்டை ஊர் பார்த்ததில்லை. செடிக்குள் இலையைத் தேட வேண்டியிருந்தது. பெண்கள் கூடைக்குப் பதில் சாக்கோடு வந்தார்கள். மதினி வேலை ஏவுகிற குரல் மறுபடி வரப்பைத் தாண்டிக் கேட்டது. என்னிடம் மட்டும் அவர் பேசவில்லை. நான் எதிரே வந்தால், "கொஞ்சம் தள்ளிக்கங்கம்மா" என்பார்.

என் பக்கம் நானூறு குச்சிகள் நின்றன. மெஹருன் சொன்ன கெடு நெருங்கியது. நானும் ஒச்சப்பனும் தண்டுகளுக்குச் சுண்ணாம்பு அடித்தோம், தென்னங்கீற்றை வெட்டி மேற்கு வெயிலுக்கு மறைப்பு வைத்தோம், வெறும் கிணற்றுத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டோம். செத்துப்போகப் போகிறதுக்கு இவ்வளவு செய்கிறார்களே என்று ஊர் இந்த முறை சிரிக்கவில்லை, பாவம் பார்த்தது. எனக்குச் சிரிப்பே தேவலாம் போலிருந்தது. கெடு முடிந்தது. மேலும் ஒரு வாரம் போனது. வெளி வரிசையில் குச்சிகள் கறுக்க ஆரம்பித்தன. ஒரு காலையில் எண்ணினோம், எழுபத்திரண்டு.

வைகாசி இருபதாம் தேதி மெஹருன் வந்தாள். தோட்டம் தோற்றுவிட்டது என்று தாளில் எழுதிக்கொண்டு, டிரம்களை எடுத்துப்போக வந்திருந்தாள். அவளுக்கு மோர் கொண்டுவர நான் வீட்டுக்குத் திரும்பினேன். அப்போது ஐந்தாம் வரிசையில் ஒரு குச்சியின் நுனி என் கண்ணில் பட்டது. சுண்ணாம்புத் துளி என்றுதான் நினைத்தேன். குனிந்து பார்த்தேன். மொட்டு. நுனியில் இளஞ்சிவப்பு. அடுத்த கன்றில் இல்லை, அதற்கடுத்ததில் இரண்டு.

நான் கத்திய கத்தலில் ஒச்சப்பன் பாம்பு என்று நினைத்துக் கம்போடு ஓடிவந்தார். மூன்று பேரும் வரிசைகளுக்குள் தறிகெட்டு ஓடினோம். இங்கே ஒன்று, அங்கே ஒன்று, பதினோராம் வரிசையில் ஒரு பூ விரிந்தே இருந்தது. ஒச்சப்பன் அந்தப் பூவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அழுதார். எனக்கு அழவும் தெரியவில்லை, சிரிக்கவும் தெரியவில்லை.

மெஹருன் ஒரு குச்சியை நகத்தால் கீறிப் பார்த்தாள். உள்ளே பச்சை. சிவப்புத் தண்ணீர் இல்லாமல் எப்படி எழுந்தது என்று கேட்டேன்.

"குளிரை எண்ணி முடிச்ச ஆப்பிள், வெயில் பட்டா தானா எந்திரிச்சுக்கும் போலக்கா. மலையில காலகாலமா அப்படித்தான எந்திரிக்குது. மல்லிக்குத்தான் அந்தப் பழக்கமே கிடையாது. அதைத் தூங்க விட்டா எழுப்பித்தான் ஆகணும்."

"அப்ப சிவப்பு டிரம் குடுக்காட்டிச் செத்துரும்னியே?"

"எங்களுக்கும் அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க. எல்லாம் ஒரே நாள்ல பூக்கணும்னு கண்டுபிடிச்சது அது. திறக்காம விட்டா என்ன ஆகும்னு யாருமே பாத்ததில்லக்கா." அவள் கையிலிருந்த தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். "இதுவரைக்கும் ஒருத்தர்கூட அந்த டிரம்மை அடுத்த தோட்டத்துக்குக் குடுக்கல."

நான் மோரை மறந்துவிட்டேன். வரப்பை நோக்கி ஓடினேன். மதினி மல்லிக்குள் குனிந்திருந்தார். மூச்சு வாங்க, பூத்திருக்கிறது மதினி என்று மட்டும் சொன்னேன். வருவார் என்று நினைக்கவில்லை. அவர் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, வரப்பைத் தாண்டி, என்னைப் பார்க்காமலே பதினோராம் வரிசைக்கு நடந்தார். விரிந்த பூவின் முன்னால் நின்றார். சுற்றி வந்து பார்த்தார். குனிந்து மூக்கை வைத்து நன்றாக இழுத்தார். இன்னொரு தரமும் இழுத்தார்.

"இம்புட்டுத்தானா? வாசமே இல்லையே அன்னம்," என்றார்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. காயில் வரும் மதினி என்றேன். வரட்டும், வந்ததும் சொல்லு என்றார். ஒச்சப்பனைப் பார்த்து, ஆம்பளை இப்படியா அழுவது என்றும் கேட்டார். திரும்பிப் போகும்போது என் டியூப்புகள் முடிகிற இடத்தில் நின்றார். வேலை முடிந்து நாங்கள் திரும்ப இழுத்துப் போட்டிருந்தவை. ஒவ்வொரு முனையாகக் காலால் தொட்டுப் பார்த்தார். இருபதும் இறுக்கி மூடியிருந்தன.

"அடுத்த தடவை நீலத் தண்ணி திறக்கையில எனக்கு ஒரு குரல் குடு. இந்த வரப்புல நான் வந்து நிக்கிறேன்."

நிற்கட்டும். நான் கூப்பிடுவேன்.